போர்டு தலைவரும் எம்.டி.யும்: ஒருவரா, இருவரா?

பங்குச்சந்தையில் உள்ள முதல் 500 கம்பெனிகளில் இயக்குநர் குழுவான போர்டின் தலைவர், கம்பெனியை நடத்தும் எம்.டி. (நிர்வாக இயக்குநர்) ஆகிய இரு பதவிகளையும் பிரித்தே ஆக வேண்டும் என்று பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி விதி போட்டது. 2020 ஏப்ரல் என்ற கெடு 2022 ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது. 2021 டிசம்பர் வரை பிரித்தவை 54 சதவீதம்தான். 2022 பிப்ரவரியில், விருப்பமிருந்தால் பிரித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள்.

ஒருவரே இருப்பதில் வேகம் உண்டு. நெருக்கடி வந்தால் வங்கி யாரிடம் பேசுவது என்ற குழப்பமில்லை. ஆனால் அஜெண்டாவும் அவர் கையில். தன் வேலையை எடைபோடும் கூட்டத்தில் எதைப் பேசலாம் என்பதை அவரே தீர்மானிக்கிறார். ஓட்டு சமமானால், பெரும்பாலான கம்பெனிகளின் விதிகளில் தலைவருக்கு இன்னொரு ஓட்டும் உண்டு.

பிரித்துவிட்டால் போதுமா? ஹைதராபாத் ஐ.டி. கம்பெனியான சத்யமில் தலைவர் ராமலிங்க ராஜு, எம்.டி. அவர் தம்பி ராம ராஜு. போர்டில் சுயேச்சை இயக்குநர்களே (நிர்வாகத்தோடும் உரிமையாளர் குடும்பத்தோடும் தொடர்பில்லாதவர்கள்) பெரும்பான்மை. அந்த போர்டுதான் 2008 டிசம்பர் 16 அன்று, ராஜு குடும்பத்தின் இரண்டு மேடாஸ் கம்பெனிகளைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்க ஒப்புதல் தந்தது. முதலீட்டாளர்கள் கொதித்ததும் சில மணி நேரத்தில் கைவிட்டார்கள். மூன்று வாரத்தில், கணக்கில் மோசடி செய்ததை ராமலிங்க ராஜுவே ஒப்புக்கொண்ட கடிதம் வெளிவந்தது.

உறவினரைத் தலைவராக்கினால் பிரித்ததாகுமா என்ற சந்தேகம் செபியின் போர்டு விதியிலேயே இருக்கிறது. 12 பேர் போர்டில், தலைவரே எம்.டி. என்றால் சுயேச்சை இயக்குநர்கள் 6 பேர் வேண்டும். நிர்வாகப் பொறுப்பில்லாத தலைவர், ஆனால் புரொமோட்டர் (கம்பெனியைத் தொடங்கி, கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்) அல்லது அவர் உறவினர் என்றாலும் அதே 6. வெளியாள் தலைவர் என்றால் 4 போதும்.

என் ஓட்டு வெளியாள் தலைவருக்கே, அதுவும் நிபந்தனையோடு. எம்.டி. எழுதித் தரும் அஜெண்டாவைப் படிப்பவராக இருந்தால் அவர் வெறும் பொம்மை. கம்பெனி செக்ரட்டரியோடு உட்கார்ந்து அஜெண்டாவைத் தலைவரே முடிவு செய்ய வேண்டும்; காகிதங்கள் 7 நாள் முன்னதாகப் போக வேண்டும். அவசரக் கூட்டம் என்று சொல்லிப் பெரிய கொள்முதலை நுழைப்பதுதான் வழக்கமான தில்லுமுல்லு. அதற்காகவே, குறுகிய அறிவிப்பில் கூடினால் ஒரு சுயேச்சை இயக்குநராவது இருக்க வேண்டும், இல்லையேல் அவர்களில் ஒருவராவது பின்னர் ஒப்பினால்தான் முடிவு செல்லும் என்கிறது கம்பெனிச் சட்டம். சுயேச்சை இயக்குநர்கள் நிர்வாகத்தார் இல்லாமல் கூடுவது சட்டப்படி ஆண்டுக்கு ஒருமுறை. காலாண்டுக்கு ஒருமுறையாவது கூடாவிட்டால் பயனில்லை.

முன்னாள் எம்.டி.யைத் தலைவராக்குவது மட்டும் வேண்டாம். ஊழியர்கள் பழைய அறைக்கே ஃபைல் தூக்கிக்கொண்டு போவார்கள்.

பங்கு வாங்குமுன் ஆண்டறிக்கையில் கார்ப்பரேட் கவர்னன்ஸ் பகுதியைப் புரட்டுங்கள். இயக்குநர்களுக்குள் யார் யாருக்கு உறவு, யார் எத்தனை கூட்டத்துக்கு வந்தார் என்பது அங்கேயே இருக்கும்.