உள்ளூர் கேபிளில் உலகச் செய்தி

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டிற்கு வாங்கிய வெளிநாட்டுச் செய்தி அலைவரிசைத் தொகுப்பில், கத்தார் அரசின் பணத்தில் 1996இல் தொடங்கிய அல் ஜசீராவும் பிரெஞ்சு அரசின் பணத்தில் 2006இல் வந்த பிரான்ஸ் 24உம் அடுத்தடுத்த எண்களில் வருகின்றன. ஒரே போர்க்காட்சிக்கு இரண்டும் சூட்டும் சொற்கள் வேறுபடுவதை, ரிமோட்டை மாற்றி மாற்றி அழுத்தும்போதே உணரலாம். சொல்தா (பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றியவர்) ஓய்வூதியம் பெறும் என் பெரியப்பாவுக்குப் பிரெஞ்சு அலைவரிசை தாய்வீடு மாதிரி; ஆனால் முன்னாள் பிரெஞ்சுக் குடியேற்றமான மாலியின் இராணுவ அரசு 2022இல் அதைத் தடைசெய்ததை நான் சொன்னபோது, அவர் மறுக்காமல் ஒலியைக் குறைத்தார்.

தொகுப்பில் தமிழ் விளக்கம் கிடையாது. மழை பிடித்தால் படம் உறைந்துவிடும், புகார் சொன்னால் “நாளைக்கு ஆள் வரும் சார்” என்பார்கள். இருந்தும் அடுத்த மாதமும் கட்டணம் செலுத்துவேன்.