கண்டி சிமுலேட்டரும் மார்க் போடும் ஏ.ஐ.யும்

ஹட்டனில் இருந்து பஸ் ஏறிக் கண்டிக்குப் போய், விமானம் ஓட்டிப் பழகும் ஒரு சிமுலேட்டரில் நான்கு தடவை உட்கார்ந்துவிட்டேன், குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் இடத்தின் பெயரைப் போடவில்லை. செஸ்னா 172 என்ற சின்ன விமானம், மூன்று திரை, மூக்கை இடம் வலம் திருப்பக் காலுக்கு ரடர் பெடல். இறங்கி முடித்ததும் ஏ.ஐ. நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, எங்கே பிழை விட்டோம் என்று கோடு வரைந்து காட்டும்.

அந்தக் கோடு அருமை. திரையில் இரத்மலானை விமான நிலையத்தில் இறங்கும்போது 65 நொட் வேகத்தில் நேராக வந்ததாகத்தான் எனக்கு நினைப்பு, படத்தில் பார்த்தால் 58க்கும் 74க்கும் நடுவே ஆடியிருக்கிறேன். மூன்று பாகைச் சரிவில் அந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 330 அடி இறங்கினால் போதும், நான் 600 அடி இறங்கியிருந்தேன். மூக்கை அமுக்கிவிட்டு அப்புறம் அவசரமாக எஞ்சின் பவரைக் கூட்டும் த்ரொட்டிலைத் தள்ளுகிற என் பழக்கத்தை அது முதல் நாளே பிடித்துவிட்டது. பக்கத்தில் இருந்து சொல்லித் தரும் சேர் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் விநாடிக்கு விநாடி இதைக் குறிக்க முடியாது.

ஆனால் இரண்டாம் நாள் நடந்ததை ஏற்கவே முடியவில்லை. 300 அடியில் குறுக்குக் காற்று தள்ளியது, சரிவராது என்று முழு பவர் கொடுத்து மேலே ஏறிவிட்டேன். மார்க் 41, தரையிறக்கம் முடியவில்லையாம்! வானம் தெளிவாக இருந்தாலும் 500 அடிக்குள் வேகமும் சரிவும் நிலைப்படவில்லை என்றால் கோ-அரவுண்ட் செய், அதாவது இறங்காமல் மேலே ஏறிவிடு என்றுதான் விமானக் கம்பெனிகளிலேயே சொல்லித் தருகிறார்கள். அதற்கு மார்க்கை வெட்டினால் பழகுகிற பிள்ளைகள் எப்படியாவது இறக்கிவிடத்தான் பார்ப்பார்கள்.

நான்காம் நாள் கிழக்கில் இருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு, முழுக்க மேகம். 5,000 அடியில் உயரம் காட்டும் ஊசி அசையாமல் பிடித்தேன், 93 மார்க். சேர் திரையை நிறுத்திவிட்டு, "தம்பி, இப்ப உங்களுக்கு முன்னால என்ன இருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. முன்னால் இருந்தது நம்முடைய மலை. 1974 டிசம்பர் 4 அன்று இந்தோனேசிய ஹஜ் பயணிகளோடு கட்டுநாயக்காவுக்கு இறங்கி வந்த டிசி-8 விமானம், இருக்கும் இடத்தைப் பிழையாகக் கணித்ததால்தான் நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்துச் சப்த கன்னியர் மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். உயரத்தை அசையாமல் பிடித்ததற்கு மார்க் போட்ட ஏ.ஐ., நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்து பறக்கிறேனா என்று கேட்கவே இல்லை.

ஒரு மணித்தியாலம் 4,000 ரூபாய், கொடுக்கலாம். சேர் வருகிற சனிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள், கோட்டுப் படத்தைப் போனில் எடுத்து அவரிடம் காட்டிக் கேளுங்கள். கோ-அரவுண்டுக்கு மார்க் வெட்டுவதை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், நீங்களும் போனால் சொல்லுங்கள்.