மருமகனுக்குத் தைத்த பட்டு வெயிஸ்ட்கோட்: இரண்டு வருடம் போட்ட பிறகு

நாத்தனார் மகனின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர்த்தட்டில் வைக்க ஒரு பட்டு வெயிஸ்ட்கோட், வெள்ளைச் சட்டை, பேண்ட் என்று ஒரு செட் தைத்துக் கொடுத்தேன். அப்போது அவனுக்கு ஒரு வயது. இப்போது மூன்றை நெருங்குகிறான். சட்டை முதல் வருடத்திலேயே பத்தாமல் போய்விட்டது, பேண்ட்டும் அதிக நாள் நிற்கவில்லை. கோட்டை மட்டும் இந்தப் பொங்கலுக்கும் போட்டான். விசேஷ உடுப்பு தைக்கப் போகிறவர்கள் எதில் மெனக்கெட வேண்டும் என்று கேட்டால், கோட்டின் உள்பக்கத்தில் என்றுதான் சொல்வேன்.

மேல்துணி நாத்தனாரின் நிச்சயதார்த்தப் பட்டில் இருந்து தைக்காமல் மிச்சம் இருந்த ரவிக்கைத் துண்டு. கடையில் வாங்குவதானால் 44 இஞ்ச் அகலத் துணியில் அரை மீட்டர் போதும். லைனிங்குக்கும் அதே அளவுதான். குழந்தை உடுப்புக்கு லைனிங் என்றால் பலரும் பளபளவென்று இருக்கும் சாட்டினைத்தான் எடுக்கிறார்கள். பாலியஸ்டர் சாட்டின் வியர்வையை உறிஞ்சாது. கோடை முகூர்த்தத்தில் மண்டபக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் போதும், கழுத்தடியில் வேர்க்குரு கிளம்பிவிடும். நான் போட்டது வெள்ளை மல் துணி. அதையும் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, தேய்த்த பிறகே வெட்டினேன். ஊறவைக்காத காட்டன் முதல் துவைப்பிலேயே சுருங்கி, மேல்துணியை உள்ளுக்கு இழுத்துவிடும். "மதினி, உள்ள இருக்கிற துணிய யாரு பாக்கப் போறா?" என்று நாத்தனார் அப்போது கேட்டாள். இந்தப் பொங்கலுக்கு அவளே கோட்டைத் திருப்பிக் காட்டினாள். லைனிங்கில் கழுத்தோரமாக வியர்வை படிந்து லேசாக மஞ்சளாகி இருக்கிறது. பட்டில் ஒரு கறைகூட இல்லை. வியர்வை பட்டின் நிறத்தையும் கெடுக்கும், இழையையும் பலவீனமாக்கும். அதை மல் துணி வாங்கிக்கொண்டதால்தான் பட்டு இன்னும் புதுசாக நிற்கிறது.

பட்டு மெல்லிசு என்பதால் முன்பக்கத்துக்கு மட்டும் ஒட்டு கேன்வாஸ் (சூட்டில் ஒட்டிக்கொண்டு துணிக்கு விறைப்புக் கொடுக்கும் உள்துணி) வைத்தேன். பெரியவர்கள் சட்டைக் காலருக்கு வைக்கும் கெட்டி கேன்வாஸ் வேண்டாம், குழந்தை உட்கார்ந்ததும் கோட் அட்டை மாதிரி தாடையில் முட்டும். மெல்லிய காட்டன் கேன்வாஸ் கிடைக்கிறது. அதை ஒட்டும்போது அயர்ன் பாக்ஸை இழுத்துத் தேய்க்காமல், மேலே ஈரத் துணி போட்டு, ஒவ்வொரு இடத்திலும் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்து எடுக்க வேண்டும். ஆறும்வரை துணியைத் தொடக் கூடாது. இதே பையனுக்கு உறவில் ஒருவர் வாங்கிக் கொடுத்த ரெடிமேட் கோட்டில், ரெண்டு துவைப்பில் முன்பக்கம் முழுக்கக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. சரியாக ஒட்டாத கேன்வாஸ் அப்படித்தான் ஆகும், பிறகு அதைச் சரிசெய்வது கஷ்டம்.

அளவு விஷயத்துக்கு வருகிறேன். பையனின் மார்புச் சுற்றளவு அப்போது 18 இஞ்ச். தைத்து முடித்த கோட் 21 இஞ்ச். உள்ளே சட்டை இருக்கும், அவன் தவழ்வான், மாமா மடியில் நெளிவான், மூன்று இஞ்ச் லூஸ் கட்டாயம் வேண்டும். கைக்குழியை வழக்கத்தைவிட அரை இஞ்ச் ஆழமாக வெட்டினேன். குழந்தையைத் தூக்குகிறவர்கள் அக்குளில் கை கொடுத்துத்தான் தூக்குவார்கள். கைக்குழி சின்னதாக இருந்தால் கோட் முழுவதும் காதுவரை ஏறிவிடும். ஒரு வயதில் குழந்தைக்குத் தலைச்சுற்றளவும் மார்புச் சுற்றளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 46 செ.மீ. அளவில் இருக்கும். தலைவழியாக மாட்டும் உடுப்பு அந்த வயதில் அழுகைக்குத்தான் வழி. முன்பக்கம் முழுக்கத் திறக்கும் கோட் அதனாலேயே சௌகரியம்.

தைக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கோட்டின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. பட்டிலும் லைனிங்கிலும் தோள்பட்டையைத் தனித்தனியாகச் சேர்த்துவிட்டு, இரண்டையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முன்பக்கம், கழுத்து, கைக்குழி, கீழ்விளிம்பு எல்லாம் தைத்துவிட வேண்டும். இரண்டு பக்கவாட்டையும் மட்டும் திறந்தே விட வேண்டும். வளைவுகளில் சின்னச் சின்னக் கத்தரி வெட்டு. பிறகு முன்பகுதிகளைத் தோள்பட்டை வழியாக நுழைத்து, பின்பகுதியின் பக்கவாட்டுத் திறப்பில் வெளியே இழுத்தால் கோட் திரும்பி வந்துவிடும். தைத்து முடித்த பிறகு தோள்பட்டை ரெண்டு இஞ்ச் அகலமாவது இருந்தால்தான் கேன்வாஸ் ஒட்டிய துணி அந்தச் சந்தில் கசங்காமல் வரும். கடைசியாகப் பக்கவாட்டில் பட்டோடு பட்டு, லைனிங்கோடு லைனிங் சேர்த்து, லைனிங்கில் மூன்று இஞ்ச் மட்டும் திறந்துவிட்டுக் கையால் மூட வேண்டும். பட்டுக்கு 11-ம் நம்பர் ஊசி போட்டேன், 14 போட்டால் ஓட்டை பெரிதாகத் தெரியும்.

பக்கவாட்டுத் தையலில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு இஞ்ச் கூடுதல் துணி உள்ளே விட்டிருந்தேன். இரண்டாவது பிறந்தநாளுக்கு முன்னால் கையால் மூடிய அந்த மூன்று இஞ்ச்சைப் பிரித்து, அதன் வழியே பக்கவாட்டை வெளியே எடுத்து, துண்டுக்கு அரை இஞ்ச் தளர்த்தித் தைத்தேன். மொத்தத்தில் ரெண்டு இஞ்ச் கூடிவிட்டது, அரை நாள் வேலைகூட இல்லை. பழைய தையலின் ஊசித்தடம் பட்டில் முழுசாக மறையாது. ஈரத் துணி வைத்து அயர்ன் செய்து நகத்தால் நீவினால் பாதி அடங்கும். கைக்குக் கீழே வருவதால் மீதி கண்ணில் படுவதில்லை.

பட்டன் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. குழந்தைப் பொருட்களுக்கான பாதுகாப்புச் சோதனையில், ஏறக்குறைய 3.2 செ.மீ. விட்டமுள்ள உருளைக்குள் முழுசாக அடங்குகிற, கழன்று வரக்கூடிய எதுவும் மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூச்சடைக்கும் ஆபத்து என்று வைத்திருக்கிறார்கள். சட்டைப் பட்டன் 1 செ.மீ. சொச்சம்தான். அழகுக்கென்று ஒட்டும் கல், மணி, முத்து எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். அதனால் கோட்டின் முன்பக்கம் மூன்று பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் ஜரிகை நிற நூலால் வட்டமாக நிரப்பி எம்பிராய்டரி போட்டேன். மூடுவதற்கு உள்ளே பிரஸ் பட்டன், அதன் பின்னால் கேன்வாஸ் துண்டு ஒன்று. அந்தத் துண்டு இல்லாவிட்டால் இழுக்கிற இழுப்பில் பட்டு கிழிந்து பட்டன் கையோடு வந்துவிடும். பையன் அந்த வட்டங்களைச் சுரண்டியிருக்கிறான், கடித்தும் இருக்கிறான். நூல் கொஞ்சம் பிசிறியிருக்கிறது, அவ்வளவே. பட்டில் வெல்க்ரோ வேண்டவே வேண்டாம், துவைக்கும்போது இழையைப் பிடித்து இழுத்துவிடும்.

ஜரிகை பார்டரைக் கீழ்விளிம்பில் மட்டும் வரும்படி வெட்டினேன். கழுத்திலும் கைக்குழியிலும் ஜரிகை வந்தால் குழந்தைத் தோலை அறுக்கும்.

ஒவ்வொரு முறை போட்ட பிறகும் நிழலில் காற்றாட விட்டு, லைனிங்கை மட்டும் ஈரத் துணியால் துடைத்து வைப்பார்கள். அபூர்வமாகத்தான் முழுத் துவைப்பு, பூந்திக்கொட்டைத் தண்ணீரில், முறுக்கிப் பிழியாமல். சென்ட் அடிக்கும் வழக்கம் இருந்தால் கோட்டைக் கழற்றிவிட்டு அடியுங்கள், வெள்ளி ஜரிகையோ செம்பு ஜரிகையோ எதுவானாலும் கறுத்துவிடும்.

பேண்ட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டயப்பருக்காக இருக்கைப் பகுதியில் ஒரு இஞ்ச் கூட வைத்தேன், இடுப்பில் எலாஸ்டிக். நடக்க ஆரம்பித்ததும் முட்டி தேய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு கோயில், கல்யாணம் எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கோ வேட்டியும் வெள்ளைச் சட்டையும் வாங்கி அதே கோட்டைப் போட்டுவிடுகிறார்கள், பேண்ட்டைவிட அதுவே எடுப்பாக இருக்கிறது. ஆகவே இனி யாருக்குத் தைத்தாலும் கோட்டை மட்டும் தைப்பேன், சட்டையும் வேட்டியும் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

இன்னும் உட்காராத குழந்தைக்கு இது வேண்டாம். மல்லாந்து படுக்கிற வயதில் தோள்பட்டைத் தையலும் பின்கழுத்து மடிப்பும் உறுத்தும். ஒரு வயதை ஒட்டி வரும் காதுகுத்தோ பிறந்தநாளோ சரியான சமயம்.