ஆட்டுக்கு மச்சு வீடு: பிளாஸ்டிக் பரண் தரை, இரண்டு மழைக்காலம் கழித்து

எட்டயபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். கரிசல் பூமி. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் நாலு மழை விழுந்துவிட்டால் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் வீடு திரும்ப வேண்டும். இந்த மண்ணில் 22 வெள்ளாடு, ஒரு செவலை நாய், ஒரு பூனை, ஒரு மாமியார் என்று குடித்தனம் நடத்துகிறேன். ஆட்டுக் கொட்டகைக்குப் பிளாஸ்டிக் ஸ்லாட், அதாவது இடைவெளி விட்ட பலகை, பதித்து உயர்த்திய பரண் தரை போட்டு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. வாங்குவதற்கு முன் நான் பார்த்த வீடியோக்கள் எல்லாம் விற்கிறவர்கள் எடுத்தவை. வாங்கிப் போட்டவர் பேசி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அதனால்தான் இது.

எங்களிடம் இருப்பது எல்லாம் கன்னி ஆடு. கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, சிவப்பாக இருந்தால் செங்கன்னி. முதல் ஆறு உருப்படியை எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் பிடித்து வந்தோம். மற்றதெல்லாம் வீட்டில் பிறந்தவை. இந்த இனம் இரட்டைக் குட்டி நன்றாகப் போடும், கேட்க வேண்டியதே இல்லை.

தரை மாற்றக் காரணம் குளம்பு அழுகல். மூன்று வருஷத்துக்கு முந்தைய மழையில் மண் தரை பத்து நாள் காயவே இல்லை. ஒரு பெட்டை முன்னங்காலை மடக்கி, முட்டி போட்டபடியே மேய்ந்துகொண்டிருந்தது. தூக்கிப் பார்த்தால் குளம்பு இடுக்கில் வெந்துபோன மாதிரி சதை, கிட்டப் போக முடியாத நாற்றம். பெர்மாங்கனேட் தண்ணீரில் கழுவிக் கழுவி என் விரல் பழுப்பாகிப் போனதுதான் மிச்சம். அந்த மழையில் ஏழு ஆடு நொண்டியது.

பனஞ்சட்டத்தில் பரண் போடலாம் என்றுதான் வீட்டுக்காரர் சொன்னார். பக்கத்துத் தோட்டத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் மரம் மூத்திரத்தைக் குடித்துவிடும், ஆணி கழன்று நிற்கும், எப்போதும் ஈரமாகவே இருக்கும். அங்கே போய் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து பிளாஸ்டிக்கே இருக்கட்டும் என்றேன்.

20 அடிக்கு 15 அடி கொட்டகை. இரண்டடிக்கு இரண்டடி ஸ்லாட், 75 எண்ணம், ஒன்று 480 ரூபாய். 36,000 ஆனது. இதோடு முடிந்தது என்று நினைத்தால் தப்பு. கீழே தாங்குகிற இரும்புச் சட்டம், கால், சாய்வுப் படி, வெல்டிங் கூலி எல்லாம் சேர்ந்து 58,000 இழுத்துவிட்டது. ஸ்லாட் விலையை மட்டும் சொல்லி ஆசை காட்டுவார்கள், இரும்புக் கணக்கைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். கூரைத் தகரம் எங்களிடம் ஏற்கெனவே இருந்தது.

தரை மட்டம் நாலடி உயரம். அத்தை வந்து சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னது: “ஏட்டி, நமக்கு ஓட்டு வீடு, வெள்ளாட்டுக்கு மச்சு வீடா?”

முதல் ராத்திரி யாரும் தூங்கவில்லை. 22 ஆடு, 88 கால், உள்ளே பொள்ளலான பிளாஸ்டிக் பலகை. ஒன்று எழுந்து இடம் மாறினால் தகரத்தில் மழை விழுகிற சத்தம். மழைதான் என்று அத்தை எழுந்து கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனார். ஒரு வாரத்தில் ஆடுகளும் பழகின, நாங்களும் பழகிவிட்டோம்.

சரி, பலன் என்ன? குளம்பு அழுகல் இரண்டு மழையிலும் மொத்தம் ஒரே ஒரு ஆட்டுக்கு வந்தது, அதுவும் வெளியே மேய்ச்சலில் வந்ததாகத்தான் இருக்கும். ஆடுகள் காய்ந்த உடம்போடு காலையில் இறங்குகின்றன, மடியில் சகதி இல்லை. குட்டிகளுக்கு வருகிற ரத்தக்கழிச்சலும் குறைந்திருக்கிறது. புழுக்கை முழுக்கக் கீழே விழுந்துவிடுவதால் கூட்டி அள்ளுவது சுலபம். மாதம் நாலைந்து மூட்டை சேர்கிறது. முன்பு மண்ணோடு மிதிபட்டுப் பாதி வீணாகும். இப்போது எங்கள் மிளகாய்ப் புஞ்சைக்குப் போக மிச்சத்தைப் பூந்தோட்டக்காரர் ஒருவர் வந்து வாங்கிப் போகிறார்.

விற்றவர் சொன்ன ஒரு விஷயத்தை மட்டும் நம்பாதீர்கள்: “பரண் போட்டா நோயே வராதும்மா.” துள்ளுமாரியும் (குடலில் நஞ்சு சேர்ந்து ஆடு திடீரென்று சாகிற நோய்) ஆட்டுக்கொல்லியும் (பிபிஆர் என்கிற தொற்று நோய்) தரையைப் பார்த்து வருகிற நோய்கள் இல்லை. துள்ளுமாரிக்கு மழைக்கு முன்னால் வருஷா வருஷம் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். ஆட்டுக்கொல்லிக்கு ஒரு தடவை போட்டால் மூன்று வருஷம் தாங்கும். குடற்புழு மருந்தையும் நிறுத்த முடியாது, பகலெல்லாம் புல்லில் மேய்கிற ஆட்டுக்குப் புழு அங்கிருந்து வந்துகொண்டுதான் இருக்கும்.

குறைகளுக்கு வருகிறேன். முதல் குறைதான் பெரியது. இது பெரிய ஆட்டுக்கான தரை. இடைவெளியில் என் சுண்டுவிரல் தாராளமாக நுழைகிறது. போன மார்கழியில் ஒரு செங்கன்னி விடியக்காலம் இரண்டு குட்டி போட்டது. சத்தம் கேட்டு நான் போகும்போது ஒரு குட்டியின் பின்னங்கால் ஸ்லாட்டில் மாட்டி, அது இழுத்து இழுத்துத் தோல் வழன்றிருந்தது. தாய் அதை நக்கிக்கொண்டே நிற்கிறது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, வேப்பெண்ணெய் தடவிக் காலை விடுவித்தேன். பிழைத்துவிட்டது, இப்போதும் லேசாகச் சாய்ந்துதான் நடக்கும். கடைக்குப் போன் போட்டால், “சாக்கு விரிச்சிருக்கணும்மா” என்றார்கள். வாங்கும்போது சொல்லியிருக்கலாமே? இப்போது சினை ஆட்டை ஐந்தாம் மாதம் தொடங்கியதும் கீழே தனியாகக் கட்டிவிடுகிறோம். குட்டிகளுக்குப் பழையபடி பஞ்சாரமும் (கவிழ்த்து மூடுகிற கூடை) காய்ந்த மணலும்தான்.

இரண்டாவது, கீழே சேர்கிற மூத்திர நெடி. வாரம் ஒரு முறை கூட்டிச் சுண்ணாம்புத் தூள் தூவாவிட்டால் கண் எரியும், ஆட்டுக்கும் இருமல் வரும். நாலடி உயரத்துக்குள் குனிந்துதான் கூட்ட வேண்டும். ஐந்தடியாக வைத்திருந்தால் என் இடுப்பு இன்னும் என்னுடையதாக இருந்திருக்கும்.

மேற்கு ஓரத்தில் சாயங்கால வெயில் நேராக விழுகிற வரிசையில் மூன்று ஸ்லாட் வெளுத்துப்போய் ஒன்று கீறிவிட்டது. வெயிலுக்கு உத்தரவாதம் கிடையாதாம். எங்கள் ஊரில் வெயில் படாத சாமான் எது என்று கேட்டேன், பதில் இல்லை. ஓரத்தில் பச்சை வலை கட்டிவிட்டேன்.

அப்புறம் எங்கள் செவலை. குட்டியாக வந்த நாளிலிருந்து அவன் ஆடுகளுக்கு நடுவில்தான் படுப்பான், மழை நாளில் கிடாவின் முதுகில் தலை வைத்துத் தூங்குவான். ஸ்லாட்டில் நாலு எட்டு வைத்தான், நகம் மாட்டியது, அவ்வளவுதான். இரண்டு வாரம் சாய்வுப் படிக்குக் கீழே உட்கார்ந்து மேலே பார்த்து ஊளையிட்டான். கடைசியில் வாசல் பக்கம் நாலு ஸ்லாட்டின் மேல் பழைய ரப்பர் பாயை விரித்துக் கட்டினோம். அங்கே அவன் படுக்கிறான், அந்தக் கிடாவும் வந்து ஒட்டிப் படுக்கிறது. எனக்கும் அந்தப் பாய்தான் உட்கார இடம். முன்பெல்லாம் சாயங்காலம் மண் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் குட்டிகள் மடியில் ஏறும். ஸ்லாட்டில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் தொடையில் கட்டம் கட்டமாக அச்சு விழும்.

15 ஆட்டுக்கு மேல், மழையில் தண்ணீர் நிற்கிற மண் என்றால் தாராளமாகப் போடலாம். நாலைந்து உருப்படி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செலவு வேண்டாம், தரையை ஓரடி மேடாக்கிச் சரளை அடித்தாலே போதும்.

போடுவதாக இருந்தால் ஐந்து ஸ்லாட் கூடுதலாக வாங்கி வையுங்கள். எங்களுக்குக் கீறியதற்கு மாற்று கேட்டபோது அந்த அளவு வருவது நின்றுவிட்டது என்றார்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு பனம்பலகை கிடக்கிறது. கீறிய ஸ்லாட்டைத் துவைக்கிற கல் பக்கத்தில் போட்டிருக்கிறோம். அத்தை அதன் மேல் நின்றுதான் குளிக்கிறார். கால் சகதி ஆவதில்லையாம்.