திருச்செங்கோட்டு அப்பாவும் கோயமுத்தூர் மகளும்: நாடாளுமன்ற மின்னூலகம் எப்படி?

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் குமாரமங்கலத்து ஜமீன் வீட்டில் படைத்தளபதி, பொதுவுடைமைக்காரர், தூதர் என்று எல்லோரும் உண்டு. ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சர், 1949 முதல் 1951 வரை இந்தோனேசியாவில் இந்தியத் தூதர். மூத்த மகன் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் 1966 முதல் 1969 வரை தரைப்படைத் தலைமைத் தளபதி. இன்னொரு மகன் மோகன் குமாரமங்கலம் கம்யூனிஸ்டாகத் தொடங்கி இந்திரா காந்தியின் அமைச்சரவையில் எஃகு, சுரங்கத்துறை அமைச்சரானவர். சுப்பராயனின் மகள் பார்வதி கிருஷ்ணன் கோவையின் கம்யூனிஸ்ட் எம்.பி. இவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டதை விட்டுவிட்டு, அவையில் பேசியதை நேராகப் படிக்க வேண்டுமென்றால் நாடாளுமன்ற மின்னூலகம் என்ற இணையதளம்தான் முதல் இடம். காசு கிடையாது.

பெயரைத் தட்டித் தேடினால் பாதிதான் அகப்படும். பழைய அவைப் பதிவுகளில் ஒரு பக்கத்துக்கு இரண்டு குறுகிய பத்திகள் (நாளிதழில் வருவதுபோல் மேலிருந்து கீழாக ஓடும் காலம்). குமாரமங்கலம் போன்ற நீளமான பெயர் வரி ஓரத்தில் இரண்டாக உடைந்துவிடும், ஸ்கேன் செய்த எழுத்தைக் கணினி தப்பாகவும் வாசிக்கும். அதனால் முதலில் மக்களவை எண்ணைப் போட்டு, பிறகு தேதியைக் குறுக்குங்கள். சுப்பராயனுக்கு இரண்டாவது மக்களவை (1957–62). பார்வதிக்கு இரண்டாவது, ஐந்தாவது, ஆறாவது. மோகனுக்கு ஐந்தாவது மட்டும். அவர் பெயர் 'எஸ்.' முதலெழுத்தோடு பதிவாகியிருக்கும். எண்ணைப் போடாமல் விட்டால், 1984க்குப் பிறகு சேலத்திலிருந்து போன அவர் மகன் ரங்கராஜனின் பேச்சுகளும் கலந்து வரும்.

அடுத்த சிக்கல் பக்க எண். பொருளடக்கத்தில் இருக்கும் எண் பக்கத்துக்கு உரியதல்ல, பத்திக்கு உரியது. அன்றைய கோப்பின் முதல் பத்தி 1201, உங்களுக்கு வேண்டியது 1301 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 100, பக்கத்துக்கு இரண்டு பத்தி என்பதால் அதில் பாதி 50. விவாதம் தொடங்கும் பக்கத்திலிருந்து 50 பக்கம் தள்ளினால் இடம் வந்துவிடும். முன்னால் உள்ள அட்டை, பொருளடக்கப் பக்கங்களைத் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் 1301ஆம் பக்கத்தைத் தேடி, கோப்பே குறையென்று மூடிவிடுகிறவர்கள் உண்டு. கேள்வி நேரம் முடிந்ததும் எழுத்துமூல விடைகள் பக்கம் பக்கமாக ஓடும். மசோதா மீதான பேச்சு அதற்குப் பின்னால்தான். நாள் முழுதும் ஒரே கோப்பாக வருவதால் செல்போனில் திறக்காமல், நூலகக் கணினியில் இறக்கிக்கொள்வது நல்லது.

இந்தச் சேவையின் அருமை 1960 ஆகஸ்ட் பதிவுகளில் தெரியும். அதற்கு முந்தைய மாதம்தான் மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தம் நடந்தது, தபால் தந்தி ஊழியர்களும் அதில் இருந்தார்கள். அந்தத் துறையின் அமைச்சர் சுப்பராயன். எதிர்வரிசையில் தொழிற்சங்கக்காரரான மகள். திருச்செங்கோடு அப்பாவையும் கோவை மகளையும் எதிரெதிரே உட்கார வைத்தது நம் கொங்குநாட்டு ஓட்டு! 1954 முதல் 1957 வரை இருவருமே மாநிலங்களவையில் இருந்தார்கள். அந்தப் பதிவுகளுக்கு மாநிலங்களவையின் தனித் தளத்துக்குப் போக வேண்டும்.

தளபதிக்காக வருகிறவர்கள் ஏமாறுவார்கள். பணியில் இருக்கும் படைத்தலைவர் அவையில் பேச முடியாது. 1942இல் லிபியப் போர்க்களத்தில் காட்டிய வீரத்துக்கு டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் ராணுவ விருது பெற்றவர், பின்பு போர்க்கைதியாக இருந்தவர். இவையெல்லாம் இங்கே கிடைக்காது. 1967 செப்டம்பரில் சிக்கிம் எல்லையில் சீனப் படையுடன் நாதுலா மோதல் நடந்தது அவர் பதவிக்காலத்தில்தான். நான்காவது மக்களவையில், அந்த ஆண்டு நவம்பர் முதலான பாதுகாப்புத் துறைக் கேள்விகளைப் பார்க்கலாம், அவ்வளவுதான். இந்தோனேசியத் தூதரக நாள்களுக்கும் இதே கதி. அதற்குத் தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் வெளியுறவுக் கோப்புகளைத் தேட வேண்டும்.

பெரிய குறை மொழி. பதிவுகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். திருச்செங்கோட்டுப் பள்ளிப் பிள்ளை தன் ஊர்க்காரரின் பேச்சைத் தமிழில் படிக்க வழியில்லை. பகுதி பகுதியாகவாவது தமிழாக்க வேண்டும்.

ஒரே ஒருவரை எடுத்துப் படிப்பதானால் மோகனை எடுங்கள். சேலம் உருக்காலைக்கு 1970இல் அடிக்கல் நாட்டியாயிற்று. ஆலையை எழுப்ப வேண்டிய துறை 1971இல் அவர் கைக்கு வந்தது. ஐந்தாவது மக்களவையில் 'சேலம்', 'எஃகு' என்ற இரண்டு சொல்லையும் ஆங்கிலத்தில் சேர்த்துத் தேடினால் போதும். பிறகு 1973 மே மாதக் கோப்புகளை நாள்வாரியாக இறக்குங்கள். நிலக்கரிச் சுரங்க நாட்டுடைமைச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது மே 30. மறுநாள் டெல்லியில் நடந்த விமான விபத்தில் மோகன் இறந்துபோனார்.