விற்கப் போகிறேன் என்று எழுப்பினார், விற்கவில்லை: இங்கிலாந்தில் வாடகைக்கு இருப்பவர்கள் கவனிக்க

லண்டனிலும் சுற்றுப்புறங்களிலும் வாடகைக்கு இருக்கிற எங்கள் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டுக்காரரின் பெயரும் ஏஜென்சியின் பெயரும் இதில் இல்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை, அதனால்தான்.

வாடகை ஒரு மாதம்கூடப் பிந்தவில்லை. குளியலறைச் சுவரில் பூஞ்சணம் படர்கிறது, திருத்தித் தாருங்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டோம். பதிலுக்கு வீட்டுக்காரர் ஃபோன் எடுத்தார். "தங்கச்சி, வீட்டை விக்கப் போறன். குறை நினையாதேங்கோ, உங்களில ஒரு பிழையும் இல்லை." அவரும் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள்தான். குரலில் அவ்வளவு கனிவு. அந்தக் கனிவின் பின்னாலேயே ஏஜென்ட் ஃபாரம் 6ஏ அனுப்பினார்: செக்ஷன் 21 நோட்டீஸ், இரண்டு மாத அவகாசம்.

1988ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அது. காரணமே சொல்லாமல் குடியிருப்பவரை எழுப்ப அது வழிவிட்டது. ஆனால் எங்களை உண்மையில் எழுப்பியது சட்டமில்லை, ஏஜென்டின் வாய். தேதி முடிந்த அன்றே பெய்லிஃப், அதாவது ஆட்களை வெளியேற்ற வரும் நீதிமன்ற அலுவலர், கதவைத் தட்டுவார் என்றார். அது சுத்தப் பொய். நோட்டீஸ் முடிந்தால் வீட்டுக்காரர் நீதிமன்றம் போய் உத்தரவு வாங்க வேண்டும். அதற்குப் பிறகும் நீங்கள் போகாவிட்டால்தான் பெய்லிஃப். நீதிமன்றத்துக்குப் போகாமல் பூட்டை மாற்றுவது 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இதெல்லாம் தெரிந்துதான் பேசினார். கடைசியாக ஒன்று சொன்னார்: "பிரச்சினை பண்ணினால் ரெஃபரன்ஸ் தரமாட்டோம்." அதுதான் குத்தியது.

வீட்டுப் பஞ்ச காலத்தில் ரெஃபரன்ஸ், அதாவது பழைய வீட்டுக்காரர் தரும் நற்சான்று, இல்லாமல் எங்கே போவது? ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் படிக்கட்டு முழுக்கச் சனம். விளம்பரத்தில் ஒரு வாடகை, நேரில் "உங்களால் அதிகபட்சம் எவ்வளவு முடியும்?" என்ற கேள்வி. ஆறு மாத வாடகையை முன்கூட்டிக் கேட்டவர்களும் உண்டு. காரணமில்லாத நோட்டீஸுக்குப் பல் முளைத்தது இந்த வரிசையில்தான். போக இடம் தாராளமாக இருந்திருந்தால் அது வெறும் கடதாசி.

நோட்டீஸ் தேதிக்கு முன்பே சாவியைக் கொடுத்துவிட்டு நகரின் ஓரத்துக்குப் போனோம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாறியது. அடுத்த மாதமே அதே வீடு இணையத்தில் விளம்பரத்துக்கு வந்தது, விற்பனைக்கு இல்லை, வாடகைக்கு. மாதம் 450 பவுண் கூட. பூஞ்சணச் சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். ஏஜென்டைக் கேட்டேன். "சந்தை சரியில்லை, விற்பதைத் தள்ளி வைத்திருக்கிறார்" என்றார், கூசாமல்.

சட்ட ஆலோசகர் சொன்னதைக் கேட்டபோது சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 21ஆம் பிரிவுக்குக் காரணமே தேவையில்லை, ஆகவே சொன்ன காரணம் பொய்யாக இருந்தாலும் அதற்கென்று தண்டனை இல்லையாம். ஆனால் அவர் வேறொன்று கேட்டார்: "டிபாசிட் எங்கே பதியப்பட்டிருக்கிறது?"

டிபாசிட் வாங்கி 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டமொன்றில் வீட்டுக்காரர் அதைப் பாதுகாக்க வேண்டும். டிபாசிட் புரொடெக்ஷன் சர்வீஸ், மைடிபாசிட்ஸ், டெனன்சி டிபாசிட் ஸ்கீம் என்று மூன்று நிறுவனங்கள். மூன்றின் தளத்திலும் தேடினோம். எங்கள் பணம் எதிலும் இல்லை. டிபாசிட் பதியாமல் கொடுத்த செக்ஷன் 21 நோட்டீஸ் செல்லாது. நாங்கள் பயந்து நடுங்கிய கடதாசிக்கு முதல் நாளிலிருந்தே உயிர் இல்லை. அதோடு, டிபாசிட்டைப் போல ஒரு மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை நட்டஈடு கேட்கலாம். வீட்டை விட்டு வந்த பிறகும் கேட்கலாம், ஆறு வருடம் வரை அவகாசம் உண்டு. பழைய வீட்டு ஒப்பந்தங்களை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

"இப்போது செக்ஷன் 21 இல்லையே, பிறகென்ன பயம்?" என்று சிலர் கேட்கிறார்கள். காரணம் சொல்லாமல் எழுப்புவதை ஸ்கொட்லாந்து 2017 டிசம்பரிலேயே நிறுத்தியது, 2025ஆம் ஆண்டு வாடகையாளர் உரிமைச் சட்டம் இங்கிலாந்தில் 2026 மே 1 முதல் நிறுத்தியது. இனி சட்டம் ஏற்கும் காரணம் வேண்டும். நல்லதுதான். ஆனால் காரணமில்லாமல் எழுப்பியவர்கள் இனிப் பொய்க் காரணத்தோடு வருவார்கள் என்பதே என் கணிப்பு, எங்களுக்குச் சொன்னதே அதற்கு முன்மாதிரி. விற்கிறேன், மகன் குடிவரப் போகிறான், இரண்டும் சட்டம் ஏற்கும் காரணங்கள். வித்தியாசம் என்னவென்றால், இந்த இரண்டுக்கும் இப்போது நாலு மாத நோட்டீஸ் வேண்டும், குடிவந்து முதல் 12 மாதத்துக்குள் எழுப்ப முடியாது. எழுப்பிய பிறகு 12 மாதத்துக்கு அதே வீட்டை வாடகைக்கு விடவோ விளம்பரம் செய்யவோ கூடாது. மீறினால் உள்ளூர் கவுன்சில் 40,000 பவுண் வரை அபராதம் போடலாம். அதனால் வெளியேறிய பிறகும் வீட்டு விளம்பரத் தளங்களில் அந்த முகவரிக்கு ஒரு அலர்ட் போட்டு வையுங்கள், கண்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு சேமியுங்கள். கவுன்சில் தானாகத் தேடிக் கண்டுபிடிக்கப் போவதில்லை.

வாய்ப்பேச்சில் எதையும் விடாதீர்கள். ஃபோனில் சொன்னதை அன்றே மெயிலில் எழுதி அனுப்பி "சரிதானே அண்ணை?" என்று கேளுங்கள். "ஒரு ஊர்ச் சனம், எதுக்குக் கடதாசி" என்று சொல்பவரிடம் இரட்டிப்புக் கவனம்.

நோட்டீஸ் வந்த உடனே கவுன்சிலின் வீடற்றோர் பிரிவுக்குச் சொல்லுங்கள், ஆலோசனை தரும் தொண்டு அமைப்புகளான ஷெல்ட்டர் அல்லது சிட்டிசன்ஸ் அட்வைஸை அழையுங்கள். இருக்க உரிமையுள்ள வீட்டை நீங்களாக விட்டு வந்தால், வேண்டுமென்றே வீடிழந்தவர் என்று கவுன்சில் கைவிரிக்க இடமுண்டு.

இன்னொன்று, குறிப்பாக மாணவர்களுக்கு. வீட்டுக்காரர் இருக்கும் வீட்டிலேயே அறை எடுத்து அவரோடு குசினியைப் பகிர்ந்தால் நீங்கள் சட்டப்படி லாட்ஜர். மேலே சொன்ன பாதுகாப்பு பெரும்பாலும் உங்களுக்குக் கிடையாது. நியாயமான முன்னறிவிப்புத் தந்தால் போதும், நீதிமன்றம் போகாமலே எழுப்பலாம்.

டிபாசிட் நட்டஈடு கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். "நல்லெண்ண அடிப்படையில்" டிபாசிட்டை மட்டும் திருப்பித் தருகிறேன் என்று பதில் வந்திருக்கிறது. ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்தது நீதிமன்றம்.