104 டெசிபல் என்று சொல்லி என் தலையில் கட்டிய ஹார்ன் ஜோடி

திருநெல்வேலிப் பக்கம் வீட்டுக்கு ஹார்ன் ஸ்பீக்கர் (குழாய் வாய் வைத்த ஸ்பீக்கர்) தேடுகிறவர்கள் பணத்தை எடுப்பதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். கடைப் பேரைச் சொல்லப் போவதில்லை. என்னிடம் பில் கிடையாது, பில் இல்லாமல் பேர் சொன்னால் வம்பு எனக்குத்தான்.

என்னிடம் இருப்பது 300பி என்ற வால்வு போட்ட ஆம்ப், இடது வலது ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே ஒரு 300பி. கஷ்டப்பட்டு எட்டு வாட் கொடுக்கும். பழைய ஸ்பீக்கர் 86 டெசிபல், அதாவது ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் வரும் சத்தம். அதில் நாதஸ்வரம் போட்டால் மெலிந்துபோய்த்தான் வரும். தவில் விழும் இடத்தில் ஆம்ப் திணறும். கணக்கு என்னவென்றால், 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட் இரட்டிப்பாக வேண்டும், 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. 80 வாட் ஆம்ப் வாங்குவதற்குப் பதில் 96 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால் என் எட்டு வாட்டே போதும். பழைய சினிமா தியேட்டர்களில் ஹார்ன் வைத்ததும் இதனால்தான். அந்தக் காலத்து ஆம்ப்களில் வாட் கொஞ்சம், நிரப்ப வேண்டிய மண்டபமோ பெரிது. இதுவரை நான் படித்ததில் தப்பில்லை. படித்ததை நம்பிப் போன இடம்தான் தப்பு.

டவுனைத் தாண்டி ஒரு குடோன். பழைய மைக் செட், கல்யாண மண்டபத்துச் சாமான்கள் எல்லாம் வாங்கி விற்கிறவர். "அண்ணாச்சி, இது மூடுன தியேட்டர் சரக்கு. ஆல்டெக். 1950ல செஞ்சது. 104 டெசிபல். இந்த ஜோடிக்கு மெட்ராஸ்ல நாலு பேர் காத்துக்கெடக்கான்" என்றார். மூன்றரை அடி உயரப் பெட்டி, உள்ளே கீழ் சுருதிக்குப் பதினைந்து இஞ்ச் ஊஃபர், மேலே மேல் சுருதிக்குப் பட்டை பட்டையாகத் தடுப்பு வைத்த இரும்பு ஹார்ன். பார்த்ததும் எனக்குக் கால் தரையில் இல்லை. ஆல்டெக் லான்சிங் என்ற அமெரிக்கக் கம்பெனி 1945ல் கொண்டுவந்த 'வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்' வரிசையைப் படத்தில் மட்டுமே பார்த்து ஏங்கியவன் நான். ஏங்கியவன் முகம் வியாபாரிக்குத் தெரியாமல் இருக்குமா?

அங்கே போட்டுக் காட்டியது புதுப் பட குத்துப் பாட்டு. நெஞ்சில் இடித்தது. ஓட்டியது பெரிய டிரான்சிஸ்டர் ஆம்ப், அதற்கு முன்னால் வரிசையாகக் குமிழ் தள்ளும் ஈக்வலைசர். அதில் மேல் சுருதிக்கான வலது பக்கக் குமிழ்கள் முழுக்கக் கீழே இறக்கியிருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் ஏன் என்று கேட்கவில்லை. பென் டிரைவில் நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலத்தின் பழைய பதிவு வைத்திருந்தேன், அதைப் போடச் சொன்னதற்கு, "அதெல்லாம் வீட்ல போய் ஆற அமர கேளுங்க அண்ணாச்சி" என்று சிரித்தார். எழுந்து வந்திருக்க வேண்டிய இடம் அது.

விலை 85,000. பத்தாயிரம் அட்வான்ஸ் போனில் அனுப்பினேன், மீதி ரொக்கம். "பில் போட்டா 18 பர்சென்ட் கூடும், ஒங்களுக்கு எதுக்கு?" சரி என்றேன். குட்டியானையில் ஏற்றிப் பாளையங்கோட்டை கொண்டுவந்து மாடிப்படித் திருப்பத்தில் பெட்டி மாட்டி, கைப்பிடிக் கம்பியைக் கழற்றித்தான் மேலே ஏற்றினோம். வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ராத்திரி ஆம்ப்பை மாட்டினால், பாட்டு போடும் முன்பே 'உர்ர்ர்' என்று இரைச்சல். இதற்கு விற்றவரைக் குறை சொல்ல மாட்டேன். 86 டெசிபல் ஸ்பீக்கரில் காதில் விழாத ஆம்ப் இரைச்சல், சென்சிட்டிவிட்டி (அந்த ஒரு வாட் டெசிபல் எண்) கூடிய ஸ்பீக்கரில் மேலே வந்து நிற்கும். என் ஆம்ப்பில் வால்வு இழைக்கு ஏசி கரண்ட்தான் போகிறது, அதுதான் காரணம். ஹார்ன் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் தன் ஆம்ப் எவ்வளவு அமைதியானது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் காருகுறிச்சியாரைப் போட்டேன். அது மோனோ பதிவு. இரண்டு பெட்டிக்கும் ஒரே சத்தம்தான் போகிறது, ஆகவே நாதஸ்வரம் இரண்டுக்கும் நட்ட நடுவில் நிற்க வேண்டும். கீழ் ஸ்தாயியில் நடுவில்தான் நின்றது. மேலே ஏற ஏற இடது பக்கம் நகர்ந்துபோனது. தார ஸ்தாயி தொட்டதும் முழுக்க இடது ஹார்னில் போய் உட்கார்ந்து காதைக் குத்தியது. இறங்கி வந்தால் மறுபடி நடு. என் காதில்தான் கோளாறு என்று நாற்காலியை நாலு இடம் மாற்றிப் பார்த்தேன்.

மறுநாள் சேரன்மகாதேவியிலிருந்து சித்தப்பா வந்தார். முப்பது வருஷம் கோயில் கொடைகளுக்கு (திருவிழாக்களுக்கு) மைக் செட் கட்டியவர். இரண்டு நிமிஷம் கேட்டார். "ஏ, இதென்னல, கொடைக்குக் குழாய் கட்டுன மாதிரில்லா கேக்கு? மீட்டர் வச்சிருக்கியா?"

பாட்டை நிறுத்தி, ஒயர்களைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்தோம். இடது ஹார்னின் பின்னால் சத்தம் எழுப்பும் டிரைவர் 6.1. எட்டு ஓம் டிரைவரை மீட்டர் ஆறை ஒட்டித்தான் காட்டும், அது சரி. வலது 11.8. அது பதினாறு ஓம். ஜோடி என்று விற்ற இரண்டும் வேறு வேறு. பின்மூடியைத் திருகு கழற்றித் திறந்தால் இடதில் வெள்ளி நிறத்தில் அலுமினிய டயஃப்ரம் (அதிரும் தகடு). வலதில் காப்பிக் கொட்டை நிறத்தில் ஃபினாலிக், அதாவது பிசின் ஏற்றிய துணி. சித்தப்பா விரல் நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது நம்ம குழாய் யூனிட்டுல்ல." அந்த மாதிரி யூனிட் பேச்சுக்கென்றே செய்தது, மேல் சுருதியின் கூர்மையெல்லாம் வராது. நாதஸ்வரம் ஏன் இடது பக்கம் ஓடியது என்பது அப்போதுதான் விளங்கியது.

இடது டிரைவர் மட்டும் ஆல்டெக்கா? பின்னால் இருந்தது தட்டையான கறுப்புக் காந்தம், ஃபெரைட். 1950களின் ஆல்டெக் தியேட்டர் டிரைவர் என்றால் ஆல்னிகோ காந்தம் இருக்க வேண்டும், அதாவது அலுமினியம், நிக்கல், கோபால்ட். 1970களின் கடைசியில் ஜயர் (இன்றைய காங்கோ) நாட்டுக் கலவரத்தில் கோபால்ட் விலை ஏறிய பிறகுதான் ஸ்பீக்கர் கம்பெனிகள் கூட்டமாக ஃபெரைட்டுக்கு மாறின. ஆல்டெக் ஸ்டிக்கரை ஒட்டிய இடத்தில் உப்புத்தாள் தேய்த்த கோடு தெரிந்தது.

இத்தனையையும் விடப் பெரிய ஏமாற்று அந்த 104. அது ஹார்ன் டிரைவருக்கு மட்டும் உள்ள எண்ணாக இருக்கலாம். இந்த ஜாதி ஊஃபர் 94ஐ ஒட்டித்தான் நிற்கும். மேலே 104, கீழே 94 என்றால் ஹார்னை ரெசிஸ்டர் போட்டு ஊஃபர் அளவுக்கு இறக்கியாக வேண்டும். ஆகவே பெட்டியின் சென்சிட்டிவிட்டி என்பது ஊஃபரின் சென்சிட்டிவிட்டிதான். இந்தப் பெட்டிக்குள் கிராஸ்ஓவர் (மேல் சுருதியையும் கீழ் சுருதியையும் பிரித்து அனுப்பும் சர்க்யூட்) என்று இருந்தது ஒரே ஒரு கண்டன்சர். ஹார்னை இறக்கும் வேலையைக் குடோனில் அந்த ஈக்வலைசர் செய்துகொண்டிருந்தது, அதை அவர் எனக்கு விற்கவில்லை. ஊஃபரோ மீட்டரில் 3.3, அதாவது நாலு ஓம். 2.83 வோல்ட் கொடுத்து அளக்கும்போது எட்டு ஓமுக்கு ஒரு வாட், நாலு ஓமுக்கு இரண்டு வாட் போகும். காகிதத்தில் 3 டெசிபல் இனாம். யாராவது டெசிபல் சொன்னால் எத்தனை ஓமில் என்று உடனே கேளுங்கள்.

"40 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஹார்ன் பேஸ்" என்றும் சொன்னார். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர். 1946லிருந்து வரும் கிளிப்ஷ்ஹார்ன், அறை மூலைச் சுவர்களையே ஹார்னின் நீட்சியாகப் பிடித்துக்கொண்டுதான் அந்த ஆழத்துக்குப் போகிறது. மூன்றரை அடிப் பெட்டி என்ன செய்யும்? பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நான் ஏழடி தள்ளித்தான் உட்கார முடியும், அங்கே ஊஃபர் ஒரு பக்கம், ஹார்ன் ஒரு பக்கம் என்று தனித்தனியாகத்தான் கேட்கிறது.

போன் செய்தேன். "ஒங்க ஆம்ப்தான் சரியில்ல அண்ணாச்சி" என்றார். ஓம்ஸ் கணக்கைச் சொன்னதும் கட் செய்தார், பிறகு எடுக்கவே இல்லை. நேரில் போனால், "பில்லு இருக்கா?" நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போட்டுக் கேட்டேன், தெரிந்த வக்கீல் ஒருவரிடமும் விசாரித்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லாமல் புகார் கொடுக்கலாம், இரண்டு வருஷம் டைம் உண்டு. ஆனால் கையில் இருக்கும் சாட்சி அந்தப் பத்தாயிரம் போன மெசேஜ் மட்டும்தான். எழுதிக் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம்.

இனி நான் போனால் ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டுதான் போவேன். பையில் ஒரு மோனோ பதிவும் மீட்டரும் இருக்கும். ஈக்வலைசரை ஒயரோடு பிடுங்கச் சொல்வேன். மாட்டேன் என்றால் வண்டியைத் திருப்பிவிடுவேன்.

வலது யூனிட்டைச் சித்தப்பா கேட்டார், கொடுத்துவிட்டேன். போன வாரம் அவர் ஊர்க் கொடையில் பந்தல் காலில் கட்டியிருந்தார்கள். வரி கொடுக்காதவர்கள் பேரை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு எழுத்து பிசகாமல் தெருக்கோடி வரை கேட்டது. "பாத்தியா, நல்ல யூனிட்டுலே" என்றார் சித்தப்பா.